சின்னசாமி பின்னிய ஒரே ஒரு ஜடை

அயனம்பாக்கம் ஏரிக்கரைத் தெருவில் சின்னசாமியைத் தெரியாதவர்கள் கிடையாது. தாயில்லாத மூன்று பிள்ளைகளைத் தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்த மனிதன் என்று பெயர். ஆண்பிள்ளை ஒருவன் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டால் அவன் பிள்ளை வளர்த்ததாகத்தான் கணக்கு. யார் வளர்த்தார்கள் என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அவன் மனைவி பொன்னியம்மா அறுபத்தொன்றாம் வருஷம் கடைசிப் பிள்ளை பஞ்சவர்ணத்தைப் பெற்றுப் போட்டுவிட்டு மூன்றாம் நாள் ஜன்னி கண்டு போனாள். அப்போது மூத்தவள் பேபிக்குப் பதினொரு வயது. நடுவில் நாகேந்திரன், ஆறு வயது. காரியம் முடிந்த பதினேழாம் நாள் பேபி ஆறாம் வகுப்புப் புத்தகங்களைப் பரண்மேல் வைத்தாள். தங்கச்சிக்குப் புட்டிப்பால் கலக்கக் கற்றுக்கொண்டாள். ஏரி மதகில் பீத்துணி அலசினாள். தம்பிக்குக் காதில் சீழ் வந்தபோது மூன்று மைல் தூக்கிக்கொண்டு அம்பத்தூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். கேழ்வரகுக் கூழ் கட்டி தட்டாமல் கிண்டினாள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றாள். பேபி என்று பெயர் வைத்துவிட்டுப் போன பொன்னியம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை.

இத்தனை வருஷத்தில் சின்னசாமி என்ன செய்தான்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் உட்கார்ந்து, பஞ்சவர்ணத்துக்குத் தலை வாரி ஜடை பின்னினான்.

அதைத் தெருவே பார்த்தது. கறுத்த, கனத்த விரல்கள் குழந்தையின் மயிரைப் பிடித்து மூன்றாகப் பிரிப்பதைப் பார்த்துப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டீக்கடையில் அதைச் சொன்னார்கள், குழாயடியில் சொன்னார்கள். பதினான்கு வருஷத்தில் அவன் பின்னிய ஜடை அது ஒன்றுதான். அதுவும் கோணல். அன்று சாயங்காலமே பேபி அதை அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னினாள். அதை யாரும் பார்க்கவில்லை.

எழுபதாம் வருஷப் பொங்கலுக்கு இளைஞர் மன்றத்தார் அவனை மேடையேற்றிச் சிவப்புக் கரை போட்ட துண்டு போர்த்தினார்கள். "தாயாகவும் தந்தையாகவும் விளங்கும் அண்ணன்" என்று ஒருவன் மைக்கில் முழங்கினான். அண்ணன் அழுதான். அழுகை அவனுக்குச் சுலபமாக வரும். துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து பேபியிடம் கொடுத்து, "சாயம் போவாம தோச்சி வை" என்றான்.

பக்கத்து வீட்டு வேம்புலியம்மாளை எந்த மன்றமும் மேடையேற்றவில்லை. அவள் புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்து நான்கு பிள்ளைகளோடு நின்றவள். செங்கல் சூளையில் மண் மிதித்தாள், பிறகு எஸ்டேட் என்று சொல்கிற அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குக் கூட்டிப் பெருக்கப் போனாள். தெரு அவளிடம் கேட்டதெல்லாம், ஷிப்டு முடிந்து ஏன் இவ்வளவு நேரம், முகத்துக்கு எதற்குப் பவுடர் என்பவைதான்.

"அவுரு ஒரு ஜடை பின்னாரு, துண்டு போட்டாங்கோ. நான் நாலு பேருக்கும் பேன் எடுத்தேன், நாய் கூட திரும்பிப் பாக்கல" என்று அவள் பேபியிடம் சொல்லிச் சிரிப்பாள்.

பேபிக்குப் பத்தொன்பது வயதானபோது முதல் சம்பந்தம் வந்தது, வானகரத்திலிருந்து. அந்தத் தெருவில் கல்யாணம் நிச்சயம் செய்வதற்கு முன்பு ஏரிக்கரை அம்மனிடம் பூக்கட்டிப் பார்க்காமல் ஒரு தாம்பாளம் கூட நகராது. இரண்டு வாழையிலைத் துண்டுகள். ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரிக் கட்டி அம்மன் காலடியில் போடவேண்டும். வயசுக்கு வராத ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பாள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் வந்தவர்கள் வந்த வழியே போகவேண்டியதுதான். பொட்டலத்தைக் கட்டுவது பூசாரி அல்ல. அந்த வீட்டின் தாய், விடியலில் தலைக்குக் குளித்து, ஈரச் சேலையோடு கட்டி எடுத்து வரவேண்டும். அது அந்தக் கோயிலின் வழக்கம்.

தாயில்லாத வீட்டில் யார் கட்டுவது? சின்னசாமிதான். ஈர வேட்டி சொட்டச் சொட்ட, தட்டில் இரண்டு பொட்டலங்களை ஏந்தி அவன் ஏரிக்கரையில் நடந்து வந்த கோலத்தைக் கண்டு பூசாரி செங்கல்வராயனே தழுதழுத்தார். வாழைநாரில் முடி போட அவனுக்கு வராது. அவன் வேலை செய்யும் எஸ்டேட் கம்பெனியில் எண்ணெய்க் கையைத் துடைக்கத் தருகிற வேஸ்ட் நூல் இருக்கிறதே, கலர் கலராக, அதைப் பிரித்துக் கட்டியிருந்தான். "பாரு, ஆம்பள கட்டனது" என்று அதற்கும் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள்.

எட்டு வயதுப் பஞ்சவர்ணம் கண்ணை மூடி எடுத்தாள். சிவப்பு.

எடுக்காத பொட்டலத்தைச் சின்னசாமி பிரிக்க விடவில்லை. "அம்மா வாணாம்னு வச்சத நாம தொறந்து பாக்கறது பாவம்" என்று சொல்லி, கரைமேல் ஏறி ஏரியில் வீசினான். எவ்வளவு பக்தி என்று நினைத்தார்கள்.

இரண்டு வருஷம் கழித்துத் திருவேற்காட்டிலிருந்து ஒரு சம்பந்தம். சிவப்பு. எழுபத்துமூன்றில் பூந்தமல்லியிலிருந்து ஒன்று. அதற்கும் சிவப்பு. ஒவ்வொரு முறையும் எடுத்தவள் பஞ்சவர்ணம். மூன்றாம் முறை அவள் கோயிலிலிருந்து வீடு வரைக்கும் வலது கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டே வந்தாள். ராத்திரி சோறு வேண்டாம் என்றாள். "என் கை ஆவாத கையி, அக்கா. இனிமே வேற யாரையாவது எடுக்கச் சொல்லு" என்று அழுதாள்.

தெரு தன் பங்குக்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்துவிட்டது. அம்மனுக்கே அந்தப் பெண்ணை அந்த வீட்டிலிருந்து கிளப்ப மனசில்லை. அப்பனுக்குத் துணையாக விட்டு வைத்திருக்கிறாள். இன்னும் சிலர் அவளுக்கு ஏதோ தோஷம் என்றார்கள். சின்னசாமி மகள் தலையைத் தடவி, "கவலப்படாத பேபிம்மா, நைனா கீறேன்" என்றான். சொல்லிவிட்டு, சோற்றுக்கு உட்கார்ந்தான். கருவாட்டுக் குழம்பு. இரண்டாம் முறை போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை பேபி மதகில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். காற்று அந்தப் பக்கம் அடித்ததால் ஏரியின் பாசியெல்லாம் மதகில் ஒதுங்கியிருந்தது. பாசி நடுவில் ஒரு வாழையிலைப் பொட்டலம். ஊதாவும் மஞ்சளுமாக முறுக்கிய வேஸ்ட் நூலால் கட்டியது, எண்ணெய்க் கறையோடு. அதைக் கண்டதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த நூல் பட்ட சட்டைப் பையை வாரத்துக்கு ஆறு நாள் தேய்த்து வெளுப்பவள் அவள்தானே.

எடுக்காத பொட்டலம். எடுத்தது சிவப்பு என்றால் இதில் வெள்ளை இருக்கவேண்டும். பிரித்தாள்.

செவ்வரளி.

 இலையை ஏரியில் விட்டாள், நூலை மட்டும் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டாள். மீதித் துணியையும் துவைத்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். போனதும் பஞ்சவர்ணத்தை அடுப்படிக்கு இழுத்து, அவள் வலது கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"உன் கையில ஒண்ணும் இல்லடி. ரெண்டுலயும் செகப்புதான் வச்சிகினு இருந்திருக்காரு."

"யாரு?"

"யாரு கட்டனாங்களோ அவுரு."

பஞ்சவர்ணத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும், "ஊரக் கூட்டி சொல்லு அக்கா" என்று குதித்தாள்.

ஊரைக் கூட்டினால் ஊர் யார் பக்கம் நிற்கும்? துண்டு போர்த்திய ஊர் அது. கல்யாணத்துக்கு அலைந்துகொண்டு பெற்ற அப்பன்மேலேயே பழி போடுகிறாள் என்று அவளைத்தான் சொல்லும். பேபி வாயைத் திறக்கவில்லை. வேம்புலியம்மாளிடம் மட்டும் நூலைக் காட்டினாள்.

வேம்புலியம்மாள் நூலை மூக்கருகில் வைத்து மோந்து பார்த்தாள். "கம்பெனி எண்ணெதான். த்தூ! பொண்ணு போயிட்டா சோறு எவ ஆக்கறதுன்னு சாமிகிட்டயே டபாய்ச்சிருக்கான்." பிறகு கேட்டாள், "இப்ப இன்னா பண்ணப் போற?"

"நாலாவது ஆள் வரட்டும்."

நாலாவது ஆள் வர இரண்டு வருஷம் ஆயிற்று. இருபத்தைந்து வயதுப் பெண், மூன்று முறை அம்மன் வேண்டாம் என்ற பெண், யார் வருவார்கள்? ஆவடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்யும் தசரதன் வந்தான். முப்பத்தோரு வயது. இடது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று அதை மறைக்காமல் டம்ளரை அந்தக் கையாலேயே வாங்கினான். அவன் அம்மா, "மிஷின்ல போயிடிச்சிம்மா. மிச்சம் எட்டு நல்லாத்தான் கீது" என்றாள். பேபி பதினான்கு வருஷத்தில் அன்றுதான் அந்த வீட்டுக்குள் வாய்விட்டுச் சிரித்தாள். சின்னசாமிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

"நமக்கு இன்னா கீது, எல்லாம் அம்மன் வாக்கு" என்று கண்கலங்கி, வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பார்ப்பதாகச் சொன்னான். நாகேந்திரன் ராணிப்பேட்டைப் பக்கம் வேலை கிடைத்து முந்தின வருஷமே போய்விட்டான். பேபியும் போய்விட்டால் வீட்டில் மிச்சம் பஞ்சவர்ணம்தான். அவளோ பள்ளிக்கூடம் போகிறவள். அவனுடைய கவலை சாமான்யமானதா?

வெள்ளிக்கிழமை விடியலில் ஈர வேட்டியோடு, தட்டோடு, வழக்கமான நடையில் சின்னசாமி கோயிலுக்கு வந்தான். தசரதனும் அவன் அம்மாவும் ஏற்கெனவே வந்து நின்றிருந்தார்கள். தெருவில் பாதி அங்கே இருந்தது; இலவசமாக அழக் கிடைக்கும் இடத்தை நம் தெரு தவறவிடாது. எடுப்பதற்கு எதிர்வீட்டுச் சின்னப்பெண் ஒருத்தியைக் கூட்டிவந்திருந்தார்கள். பஞ்சவர்ணம் இப்போது தாவணி போட்டவள், எடுக்கக்கூடாது.

செங்கல்வராயன் தட்டுக்குக் கை நீட்டினார். அப்போதுதான் கரைமேலிருந்து பேபி இறங்கி வந்தாள். தலையிலிருந்து நீர் சொட்டியது. ஈரச் சேலை. கையில் ஒரு தட்டு, தட்டில் இரண்டு பொட்டலங்கள்.

"இன்னாம்மா இது?" என்றார் பூசாரி.

"பூ."

"அதான் உங்க நைனா கொண்டாந்துட்டாரே?"

"ஊட்டுல அம்மா யாரோ அவங்கதானே கட்டணும்?"

சின்னசாமி சிரித்தான், ஊரைப் பார்த்து. "கொயந்த தெரியாம பேசுது. அம்மாவும் நான்தான், அப்பாவும் நான்தான். ஊருக்கே தெரியும்."

"ஆமாமா, அண்ணாத்தேதான்" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள்.

வேம்புலியம்மாள் கோயிலுக்குள் வரக்கூடாது. தாலி இழந்தவள் பூக்கட்டும் இடத்தை மிதித்தால் வாக்கு பலிக்காதாம். அவள் வேலிக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றிருந்தாள். குரலுக்கு வேலி கிடையாது.

"யோவ் சின்னசாமி! தாயாச்சே நீ, ஒண்ணே ஒண்ணு சொல்லு. பஞ்சவர்ணம் இன்னா கிளாஸ் படிக்கிறா?"

"இது இன்னா கேள்வி? ஏழு..." என்றவன் பஞ்சவர்ணத்தின் முகத்தைப் பார்த்தான். "எட்டு. எட்டாவது."

"ஒம்போது, நைனா" என்றாள் பஞ்சவர்ணம்.

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள்.

"சரி, போவட்டும். உன் புள்ளைக்குச் சீழ் வந்தது எந்தக் காது?" என்றாள் வேம்புலியம்மாள்.

சின்னசாமி தன் காதைத் தொட்டுப் பார்த்தான், அங்கே எழுதியிருப்பது போல. இப்போது ஆண்களும் சிரித்தார்கள். தசரதனின் அம்மா சிரிக்கவில்லை. பூசாரியைப் பார்த்து, "எங்களுக்கு லேட்டாவுது சாமி. பொண்ணு கொண்டாந்ததையே வைங்க. பால் குடுத்து வளத்தவ கை" என்றாள். அவளும் இருபது வருஷம் முன்பு புருஷனைப் பறிகொடுத்து ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்த்தவள்தான். ஆவடிக்காரி என்பதால் இந்தக் கோயிலில் அது யாருக்கும் தெரியாது, அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

செங்கல்வராயன் பேபியின் தட்டை வாங்கி அம்மன் காலடியில் கவிழ்த்தார்.

சின்னசாமி தன் தட்டோடு நின்றான். "இத இன்னா பண்றது? பிரிச்சி வச்சிடலாமா?" என்று பூசாரி யதார்த்தமாகக் கேட்டதுதான் தாமதம், "வாணாம் வாணாம், பாவம்" என்று அவன் கரைமேல் ஓடி இரண்டு பொட்டலத்தையும் ஏரியில் எறிந்துவிட்டு வந்தான். ஈர வேட்டி காலில் தடுக்கி, பார்க்கச் சகிக்கவில்லை.

திரும்பி வந்தவன் அம்மன் காலடியில் கிடந்த பொட்டலங்களைப் பார்த்தான். ஊதாவும் மஞ்சளுமான நூல். எண்ணெய்க் கறை. அவனுடைய கம்பெனி நூல், அவனுடைய கை முறுக்கியது. இரண்டு வருஷமாகப் பத்திரப்படுத்தியதை இரண்டாக அறுத்து அவள் கட்டியிருந்தாள். அவன் முகம் வெளுத்துவிட்டது.

எதிர்வீட்டுச் சின்னப்பெண் கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பூசாரி நூலை அறுத்தார். நந்தியாவட்டை, வெள்ளை வெளேரென்று.

குலவை எழும்பியது. தசரதன் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் எட்டு விரலையும் கூப்பினான். சின்னசாமியின் வாய் தானாகத் திறந்தது. "இன்னொண்ணையும் பிரி..." என்று ஆரம்பித்தான்.

"பிரிக்கலாமே நைனா" என்றாள் பேபி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "இப்ப நீ போட்டதும் சாயங்காலம் மதகாண்ட வந்து ஒதுங்கும். அதயும் கொண்டாந்து ஒண்ணாவே பிரிப்போம்."

சின்னசாமி வாயை மூடிக்கொண்டான். பேபி எடுக்காத பொட்டலத்தின் நூலைக் கழற்றி இடுப்பில் சொருகிக்கொண்டு, மடித்த இலையைப் பிரிக்காமல் கரையில் ஏறி ஏரியில் விட்டாள். அதிலும் நந்தியாவட்டைதான். மொத்தத்தில் அந்த அம்மனிடம் யாரும் எதுவும் கேட்கவேயில்லை. மூன்று முறை அப்பன் பதில் சொன்னான், நாலாம் முறை மகள் சொன்னாள். அம்மன் நான்கு முறையும் சும்மா இருந்தாள்.

ஆவணியில் கல்யாணம். தாலி கட்டும்போது சின்னசாமி சிவப்புக் கரைத் துண்டைப் போர்த்திக்கொண்டு கேவிக் கேவி அழுதான். இதுவரை அழுத அழுகைகளில் உண்மையானது அது ஒன்றுதான் என்று வேம்புலியம்மாள் சொன்னாள்.

கல்யாணத்துக்கு மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்கு அவன் வாசலில் உட்கார்ந்து டீக்குக் காத்திருந்தான். ஆறரை ஆயிற்று. எஸ்டேட் சங்கு ஊத இன்னும் ஒன்றரை மணி நேரம்தான். உள்ளே எட்டிப் பார்த்தான். பஞ்சவர்ணம் இரட்டை ஜடையில் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள். தானே பின்னியது, கோணல் இல்லாமல்.

"இன்னாம்மா, அடுப்பு மூட்டலியா?"

"எனக்கு பழையது கீது நைனா. துன்னுட்டேன்."

"எனக்கு?"

"அரிசி பானையில கீது. தண்ணி அண்டால கீது. வெறகு பின்னால கீது."

"பொம்பளப் புள்ளைக்கு இனிமே பள்ளிக்கூடம் இன்னாத்துக்கு? அக்காவும் போயிட்டா. ஊட்டப் பாத்துகினு..."

பஞ்சவர்ணம் புத்தகப் பையைத் தோளில் மாட்டினாள். "நீ இப்டி சொல்வேன்னு அக்கா சொல்லிச்சு. சொன்னா, அந்த நூலு ஆவடில அக்கா பொட்டிலதான் கீதுன்னு உன்னாண்ட சொல்லச் சொல்லிச்சு." சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டாள்.

அவன் பானையைத் திறந்து பார்த்தான். பிறகு வேலிப்பக்கம் போனான்.

"யம்மா வேம்புலி... ஒரு படி அரிசிக்கு எவ்ளோ தண்ணி?"

வேம்புலியம்மாள் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடியிலிருந்து திரும்பவில்லை. "பதினாலு வருசமா நீதான் ஆக்கிப் போட்டு வளத்தேன்னு மைக்குல சொன்னாங்கோ. என்னக் கேக்கறியே?"

அவன் அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு தெருக் குழாயடிக்கு வந்து குந்தி, கழுவத் தொடங்கினான். பாதி அரிசி தண்ணீரோடு சாக்கடைக்குப் போயிற்று. குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் விலகி வழி விட்டார்கள். ஒருத்தி முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

"பாவம்! கல்யாணம் கட்டிக்கினு அது பாட்டுக்குப் போயிடிச்சி. மனுசன் தன் கையால அரிசி கழுவறாரு பாரு."

சாயங்காலத்துக்குள் அது டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஜடை பழசாகிவிட்டது. அடுத்த பத்து வருஷத்துக்கு இந்த அரிசி போதும்.